புவனம் மாமியின் இங்கிலீஷ் சந்தேகங்கள்

“…எண்டு இங்கிலீஷிலை சொன்னால் உனக்கு விளங்காது, தமிழிலை சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை, அப்பன்” என்று புவனம் மாமி சொன்னபோது, அவர் கையிலிருந்த டெலிபோனிலிருந்து, காய்ந்த தகரக் கூரையில் தூறல் விழுவதைப்போல ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. கறுப்பு டெலிபோன், கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் மணிக்கட்டு வலிக்கும் கனம். அதன் வாய்ப்பக்கத்தில் மாமி பூசும் பவுடரின் வாசனை நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. அந்த வாசனையை எங்காவது கடையில் முகர நேர்ந்தால், இரைச்சலும் கூடவே வந்துவிடுகிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் எதையோ உற்றுக் கேட்பதைப் பார்த்து, “என்னாம்மா, என்னா ஆச்சு?” என்று என் மகள் தோளைத் தட்டுவாள்.

மாமி அதை யாரிடம் சொன்னார், எதைச் சொல்ல அவருக்குத் தமிழில் வாய் வரவில்லை, சொன்ன கையோடு என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டுமானால், முதலில் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜார்ஜ்டவுனில், ஒன்றின் முதுகை ஒன்று உரசிக்கொண்டு நிற்கும் பழைய வரிசை வீடுகளில் அது ஒன்று. பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம்: அப்பா, அம்மா, அண்ணன், நான். அப்பா தினமும் ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய், மாக் மண்டினில் ஒரு பட்டறையில் இரும்பு கடைந்துவிட்டு, சாயங்காலம் உப்புக்காற்று ஒட்டிய சட்டையோடு திரும்புவார். முன்கட்டில் வீட்டுக்காரர்கள். யாழ்ப்பாணத்து வம்சம்; பிறந்தது மலாயாவில் என்றாலும் பேச்சில் யாழ்ப்பாணம் கொஞ்சமும் கரையாமல் இருந்தது. புவனம் மாமி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து ஊரையும் ஊரையும் இணைத்து வைத்தவர். அவருடைய கணவரின் அண்ணன், மனைவியை இழந்தவர், அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்து வேலை பார்ப்பவரை இங்கே நாங்கள் கிராணி என்போம். ஆகவே எங்கள் பின்கட்டில் அவருக்குப் பெயர் “பெரிய கிராணி”.

மூன்றாவது ஒருவரும் அந்த வீட்டில் இருந்தார், இல்லாமலும் இருந்தார். மாமியின் கணவர் நடராசா மாமா. கப்பல் கம்பெனியில் வேலை. அவரைப் பற்றி எனக்குத் தெளிவாக ஞாபகம் இருப்பது அவருடைய சப்பாத்து. மண்ணிற முரட்டுத் தோல், கண்ணாடி போலப் பாலிஷ். வாசலில் கழற்றிப் போட்டால் பக்கத்து வீட்டு நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று, கேட்டருகே நின்று குனிந்து கழற்றி, இரண்டையும் ஒரு கையில் பிடித்து, மறு கையால் குடையை மடக்கிக்கொண்டு, காலுறையோடு உள்ளே நடந்து வருவார். அவருடைய தாயார் யாழ்ப்பாணத்தில் படுத்த படுக்கையானபோது பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். அங்கே சண்டை மூண்டது. பாதை மூடியது. கடிதங்கள் முதலில் தாமதமாய் வந்தன, பிறகு நனைந்து வந்தன, பிறகு வரவேயில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் அப்படி இருந்திருக்குமா என்று தெரியவில்லை. ஒருவர் சொல்வதை நம்பினால் தமிழில் பதில் சொல்வார்கள். நம்பவில்லையென்றால் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் யாராவது கதை அளந்தால், “சும்மா புளுகாத லா!” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அடுத்த நிமிடம் அதே ஆளோடு உட்கார்ந்து டீ குடிப்போம். முன்கட்டுக்காரர்களுக்கு அது ஆகாது. “நான் நம்பேல்லை” என்று தமிழில் ஒருமுறை வாயை விட்டால், கலியாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிள்ளைகள் காலத்திலும் பேச்சு வார்த்தை திரும்பாது. அவர்களுடைய மூத்தவர்கள் வெள்ளைக்காரத் துரைமார்களுக்குக் கீழே கணக்கு எழுதியவர்கள். துரை தவறாகச் சொன்னாலும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால், “ஐ வொண்டர், சார்” என்று சொல்லலாம். துரை யோசிப்பார், சில சமயம் திருத்திக்கொள்வார், வேலையும் நிலைக்கும். கந்தோரில், அதாவது அலுவலகத்தில், பழகிய அந்தப் பாஷை, கோட்டைக் கழற்றி மாட்டிய பிறகும் வாயிலேயே தங்கி, சமையலறை வரைக்கும் வந்துவிட்டது.

எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அண்ணனும் நானும் அந்தச் சொற்களைக் கேட்டுக் கேட்டு, எது எந்தக் கனம் என்று எங்களுக்குள்ளேயே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தோம். “ஸோ ஐ ஹியர்” என்றால், காதில் விழுந்தது, இன்னும் விழுங்கவில்லை. “ஸோ தே சே” என்றால், ஊர் சொல்கிறது, நான் சொல்லவில்லை. சோதிடர்களுக்கும் தேர்தலில் நிற்பவர்களுக்கும் ஒதுக்கிய சொல், “தட் ரிமெய்ன்ஸ் டு பி ஸீன்”. நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். “ஐ டேர் சே” என்பது கேட்க ஆமோதிப்பு மாதிரி இருக்கும். இருக்கலாம் போ, எனக்கென்ன, என்று அதற்குள்ளே ஒரு அலுப்பு. “ஐ ஹேவ் மை டவுட்ஸ்” என்றால் கதவு பாதி சாத்தியாகிவிட்டது. “வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்” என்று ஆரம்பித்தால் யுத்தம். நாங்கள் பின்வாசல் வழியாக ஓடிவிடுவோம். எல்லாவற்றிலும் மென்மையானது “ஐ வொண்டர்”; அப்படியும் இருக்குமோ என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற மாதிரி. அதைச் சொல்வதற்கு ஒரு முறை இருந்தது. எதிரிலிருப்பவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. ஜன்னல் பக்கம் லேசாகத் திரும்பி, வெளியே ஏதோ குருவியைப் பார்க்கிற மாதிரி சொல்லி, சொன்ன பிறகு ஒரு சின்னச் சிரிப்பு.

அண்ணன் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் “ஐ டவுட் இட்” என்று சொல்லி, சிவந்த உள்ளங்கையோடு வந்தான். மாமி பார்த்துவிட்டு, “அதைச் சொன்னால் அடிதான் விழும். யன்னலைப் பாத்து ‘ஐ வொண்டர்’ எண்டிருந்தால் உனக்கும் சுகம், அவருக்கும் சுகம்” என்றார்.

அம்மாவுக்கும் இதில் ஆசை வந்துவிட்டது. மீன்காரர் நண்டு இன்று காலைதான் பிடித்தது என்று சத்தியம் செய்தபோது, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி “ஐ வொண்டர்!” என்றாள். மீன்காரர் பயந்துபோனார். மாமி வாசலில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“சொல்லு சரி, பிள்ளை. இடுப்பிலை கை பிழை.”

“இடுப்புல கை வைக்காம மீன் வாங்க முடியுமா மாமி? நீங்க வேற!”

ஆனால் அது மாமிக்கு முடிந்தது. ஆயர் ஈத்தாம் சந்தையில் டுரியான் விற்ற சீனக் கிழவர், “ஸ்வீட், அண்ட்டி, கன்ஃபர்ம் ஸ்வீட்” என்று பழத்தைத் தட்டிக் காட்டியபோது, மாமி குரலை உயர்த்தாமல் “ஸோ யூ சே” என்று மலையைப் பார்த்தார். நீங்கள் அப்படிச் சொல்கிறீர்கள், சரி. அவ்வளவுதான். கிழவருக்கு ரோஷம் வந்து, பழத்தை அங்கேயே பிளந்து, காசு வாங்காமல் சுளையை நீட்டினார். “எங்க வாயில வந்தா சண்டை, உங்க வாயில வந்தா சும்மா டுரியானா?” என்று அம்மா வழியெல்லாம் பொருமிக்கொண்டே, ஓசிச் சுளையை எங்களைவிட அதிகமாய்ச் சாப்பிட்டாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீடுதான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் வேறு வீடாகிவிடும்.

சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மணி வாக்கில், தெரு அடங்கியிருக்கும் நேரத்தில், முன்கட்டு டெலிபோன் மணி அடிக்கும். மாமி அதற்குள் தலை வாரி, முகம் கழுவிப் பவுடர் பூசி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எடுத்து ஒரேயொரு முறை “ஹலோ” என்பார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராது. அந்த இரைச்சல் மட்டும் வரும். மாமி பேசமாட்டார். கேட்டுக்கொண்டேயிருப்பார். காதில் ஒட்டி வைத்த டெலிபோனோடு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், யாரோ நீண்ட கதை சொல்கிறார்கள், இவர் ‘உம்’ கொட்ட மறந்துபோய்க் கேட்கிறார் என்றுதான் தோன்றும். கடைசியில் அந்தப் பக்கம் ‘டொக்’ என்று வைக்கும். பிறகுதான் இவர் வைப்பார். “கூப்பிட்ட ஆள் வைக்கமுன்னம் ஒப்பரேட்டர் வைக்கக்கூடாது” என்பார்; அது அவர் தொழில் தர்மம்.

அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல், “யாரோ பொறுக்கிப் பசங்க மாமி, ஒங்கள வெச்சு விளையாடுறானுங்க” என்றாள்.

மாமி கோபிக்கவில்லை. “அறுந்த லைன் ஒரு மாதிரி இருக்கும், பிள்ளை. ஆளில்லாத லைன் வேறை மாதிரி. இது ஆள் நிக்கிற லைன்.”

அன்று தடுப்புப் பலகையில் காதை வைத்துப் படுத்திருந்த நான், நகர்ந்து அண்ணன் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டேன்.

பெரிய கிராணிக்கு வேறு விதமாக வந்தது. அவருக்குக் கனவு. தம்பி கேட்டருகே நிற்கிறான். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறான். உள்ளே வா என்றால் வரமாட்டேன் என்கிறான். உதடெல்லாம் காய்ந்து வெடித்திருக்கிறது. செத்தவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறோம், அதனால்தான் நிற்கிறான் என்று அவர் நம்பினார். முதலில் சாடையாகச் சொன்னார், பிறகு தினமும் சொன்னார். காலையில் பத்திரிகை எடுக்கக்கூட அவர் கேட்டுக்குப் போவதில்லை; அண்ணனை அனுப்புவார். அந்தியேட்டி, அதாவது செத்தவருக்கான கடைசிக் கிரியை, செய்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே பேச்சானது. ஐயரோ, மனைவி வாயால் சம்மதம் சொன்னால்தான் செய்வேன் என்றுவிட்டார்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் நின்றது. மாமி ‘சரி’ என்றால் மாமா செத்தவர். சொல்லாதவரைக்கும் உயிரோடிருப்பவர். ஆனால் உண்மையிலேயே செத்திருந்தால், மாமி வாய் திறக்காததால் அவர் தாகத்தோடு தன் வீட்டு வாசலிலேயே நிற்கிறார். இரண்டு பேரும் அவரை வீட்டுக்கு அழைக்கத்தான் பார்த்தார்கள்.

பெரிய கிராணி கனவைச் சொல்வார். மாமி தேநீர் ஊற்றியபடியே, “இஸ் தட் ஸோ, அத்தான்?” என்பார்; கணவரின் அண்ணனை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். ஞாயிறு டெலிபோன் வந்து போனதும், பெரிய கிராணி பத்திரிகையை மடித்துவிட்டு, “ஐ ஹேவ் மை டவுட்ஸ், புவனம்” என்பார். “ஐ டேர் சே யூ டூ” என்பார் மாமி, உங்களுக்கு இருக்கும்தான் என்கிற அலுப்போடு. எக்ஸ்சேஞ்சில் இருந்த ஒரு பழைய சிநேகிதர், வாரத்துக்கு ஒருமுறை லைனைச் சோதிக்கத் தானாக அடிக்கிற மணியாயிருக்கும் என்று சொல்லி அனுப்பினார். அதற்கும் மாமி ஜன்னலைப் பார்த்தார். ஒரு தட்டு உடையாமல், ஒரு குரல் உயராமல், செத்தவரா இருப்பவரா என்ற சண்டை அந்த வீட்டில் அவ்வளவு மரியாதையாக நடந்தது. இன்று யோசித்தால் அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிறகுதான் குகன் வந்தான். ஊரிலிருந்து தப்பி, ஏதோ ஒரு குளிர்த் தேசத்துக்குப் போகிற வழியில் பினாங்கில் ஒதுங்கிய இளைஞன். ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்தான். பெரிய கிராணி அவனைக் கோயிலில் சந்தித்திருக்கிறார். பேச்சு வாக்கில், மலேயாக்காரர் ஒருவரோடு வள்ளத்தில், அதாவது சின்னப் படகில், வந்ததாக அவன் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனைக் கையோடு கூட்டிவந்தார். ஏன் ஞாயிற்றுக்கிழமை என்று மாமியும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா வடை சுட்டு எடுத்துப்போனாள். குகன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். இரவல் சட்டை, தோளில் தொங்கியது. வடையைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல் பேசினான்.

“பாதை பூட்டினாப் பிறகு களப்புக் கடலாலைதான் வாறது அக்கா, வள்ளத்திலை. சேத்துக்குள்ளாலை நடந்துபோய்த்தான் ஏறவேணும். எல்லாரும் செருப்பைச் சேத்திலை விட்டிட்டு ஏற, அவர் மட்டும் சப்பாத்தைக் கழட்டிக் கையிலை வைச்சிருந்தவர். மலேயாக்காரர் எண்டு சனம் சிரிச்சது.”

அம்மா என் தோளைப் பிடித்தாள்.

“நடுக் களப்பிலை வெடி. வள்ளம் ஒரு பக்கம் சரிஞ்சு போச்சு. நான் விளிம்பைப் பிடிச்சிட்டன்.” குகன் வடையைத் தட்டில் திரும்ப வைத்தான். “அவரின்ரை கையிலை சப்பாத்து.”

அவ்வளவுதான் சொன்னான். ஃபெரியின் சங்கு எங்கோ ஊதி அடங்கியது.

மாமி பெரிய கிராணியின் பக்கம் திரும்பினார். மிக மரியாதையாக, விருந்தாளிக்குச் சீனி போதுமா என்று கேட்கிற குரலில், “யூ டிட்ன்ட் ஹேப்பன் டு மென்ஷன் தி ஷூஸ், ஐ சப்போஸ்?” என்றார். சப்பாத்து விஷயத்தை நீங்கள் முன்கூட்டியே இவனிடம் தற்செயலாகச் சொல்லிவிடவில்லையே? இவ்வளவு மெல்லிய கத்தியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பெரிய கிராணி இங்கிலீஷில் பதில் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் அந்த வீட்டு முறை. அவர் தமிழில் சொன்னார். “நான் சொல்லேல்லைப் புவனம். அம்மாவாணை சொல்லேல்லை.”

அப்போது டெலிபோன் அடித்தது.

 மாமி மட்டும் எழுந்து போய் எடுத்து, “ஹலோ” என்றார். இரைச்சல். எங்கள் எல்லோருக்கும் கேட்டது. குகனுக்கு அது என்ன அழைப்பு என்று தெரியாது. தெரிந்ததெல்லாம், தான் சொன்னதற்கு இந்த அம்மா தனக்குப் புரியாத பாஷையில் ஏதோ சொன்னார், அதைக் கேட்டுப் பெரியவர் முகம் வெளுத்தது, பிறகு இந்த அம்மா எழுந்து போய்விட்டார் என்பதுதான். அவனும் எழுந்து நின்றான். கோபமாய்க் கேட்கவில்லை.

“அக்கா, நான் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கிறியளோ?”

அந்த வீட்டுக்குள் அதற்கு முன் ஒருவரும் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டதில்லை. இங்கிலீஷ் என்ற மெத்தை விரித்திருந்ததால் யாரும் விழுந்து அடிபடாமல் இருந்த வீடு; மெத்தை இருப்பதே தெரியாத ஒருவன் வந்து வெறுந்தரையில் நின்று கேட்டுவிட்டான். மாமி டெலிபோனைக் காதிலிருந்து கொஞ்சம் இறக்கினார். அப்போதுதான் சொன்னார்: “‘ஐ ஹேவ் மை டவுட்ஸ்’ எண்டு இங்கிலீஷிலை சொன்னால் உனக்கு விளங்காது, தமிழிலை சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை, அப்பன்.”

குகனுக்கு என்னவோ ஞாபகம் வந்துவிட்டது.

“அவரும் உப்பிடித்தான், அக்கா. ஏறேக்கை வள்ளக்காரன், ‘பயப்பிடாதேங்கோ, பொழுதுபடமுன்னம் எல்லாரும் அக்கரை’ எண்டான். எல்லாரும் தலையாட்டினம். இவர் மட்டும் இங்கிலீஷிலை ஏதோ சொன்னவர். எனக்கு விளங்கேல்லை. ‘ஐ வண்டர்’ எண்ட மாதிரி…” அதைச் சொல்லும்போது, தான் செய்வது தனக்கே தெரியாமல், குகன் முகத்தை ஜன்னல் பக்கம் லேசாகத் திருப்பினான். “தண்ணியைப் பாத்துச் சொல்லிப்போட்டு, பிறகு சிரிச்சவர்.”

எல்லோரும் குகனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மாமி ஐயரிடம் ‘சரி’ என்றார், அந்த மாதத்திலேயே கிரியை நடந்தது. கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். குகன் தன் குளிர்த் தேசத்துக்குப் போய்விட்டான். பெரிய கிராணி மறுநாளே தானாகக் கேட்டுக்குப் போய்ப் பத்திரிகை எடுத்து வந்தார். தம்பி உள்ளே வந்து சப்பாத்தை அடுக்கில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டான் என்று கனவு கண்டதாகச் சொன்னார். “ஸோ யூ சே, அத்தான்” என்று மாமி அவருக்குத் தேநீர் ஊற்றினார். மாமி பொட்டை அழிக்கவில்லை. கோயிலில் யாரோ அது ஏன் என்று கேட்டபோது, “வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்” என்று ஆரம்பித்தாராம். கேட்டவர் மீதியைக் கேட்க நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு டெலிபோன் அதன் பிறகு அடிக்கவேயில்லை. எக்ஸ்சேஞ்சில் வயரை மாற்றியிருப்பார்கள் என்கிறாள் அம்மா, இன்றைக்கும்.

வளர்ந்த பிறகு எனக்கும் கேள்விகள் வந்தன. பெரிய கிராணி சப்பாத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். “ஐ வொண்டர்” என்பதையும் சொல்லிக் கொடுத்திருக்கலாம். தாயின் மேல் பொய்ச் சத்தியம் செய்கிறவர் இல்லை என்றாலும், வாசலில் நிற்கும் தம்பிக்காக ஒருவர் என்னதான் செய்யமாட்டார்? அந்த முகத் திருப்பலை மட்டும் யாராலும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். நினைத்துவிட்டு நானும் ஜன்னலைப் பார்க்கிறேன்.

சந்தேகப்படுவதே எனக்குப் பிழைப்பாகவும் ஆனது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், உருப்பெருக்கிக்குக் கீழே சில்லுகளைப் பார்த்து இது ஆகும், இது ஆகாது என்று பிரிக்கும் வேலை. எல்லாம் சரியாயிருக்கிறது, அனுப்பு என்று எஞ்சினியர் அவசரப்படுத்தினால், “ஐ வொண்டர், சார்” என்பேன். அந்தக் கட்டடத்தில் ஜன்னல் கிடையாது. ஆகவே அவசர வழிக்கு மேலே எரிகிற பச்சைப் பலகையைப் பார்த்துச் சொல்வேன். அவரும் அதைத் திரும்பிப் பார்ப்பார். பிறகு பெட்டியைத் திறக்கச் சொல்வார்.

இப்போது மாமியும் இல்லை, பெரிய கிராணியும் இல்லை. அந்த வீடு காப்பிக் கடையாகிவிட்டது. முன்கட்டுச் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டிச் செங்கல் தெரியும்படி விட்டிருக்கிறார்கள். எங்கள் பின்கட்டில் கழிவறை. டெலிபோன் இருந்த மூலையில், எங்கிருந்தோ வாங்கி வந்த ஒரு பழைய டெலிபோனை, வயர் இல்லாமல், படம் எடுத்துக்கொள்வதற்காக வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வரும் பிள்ளைகள் அதைக் காதில் வைத்துச் சிரிக்கிறார்கள். பக்கத்து மேசையில், “ஃபேக் லா, நம்பாத” என்று ஒருத்தி இன்னொருத்தியின் கைபேசியைத் தள்ளிவிடுகிறாள். அவ்வளவு சுருக்கமாக, அவ்வளவு சுலபமாக. மாமி கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. போகும்போதெல்லாம் அந்த மூலை தெரிகிற மேசையில்தான் உட்காருகிறேன். டெலிபோனைக் காதில் வைத்த யாருடைய முகமாவது சட்டென்று மாறுகிறதா என்று பார்க்கிறேன். அதை எடுத்து என் காதில் வைத்துப் பார்க்க மட்டும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அன்று எல்லோரும் குகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றேன். நான் மாமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தார் என்று குகன் சொன்னதும், மாமியும் சிரித்தார். வாய் மூடிய சின்னச் சிரிப்பு, அந்தச் சொல்லுக்குப் பிறகு சிரிக்க வேண்டிய அதே அளவு. டெலிபோனில் இரைச்சல் ஓயவில்லை. அவர் அதை மறுபடி காதில் வைக்காமல், வாயருகே கொண்டுபோனார். சந்தைக்குப் போகிறேன், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று அடுத்த அறையில் இருப்பவரிடம் சொல்கிற குரலில், தமிழில், “நான் வைக்கிறன், என்ன?” என்றார். பதிலுக்காகக் கொஞ்சம் நின்றார். பிறகு, அந்தப் பக்கம் வைப்பதற்கு முன்னமே, தூங்குகிற பிள்ளையைப் படுக்கையில் இறக்குவதுபோல, டெலிபோனை மெல்லக் கீழே வைத்தார்.